எக்செல் ஷீட்டிலிருந்து பார்கோடு ஸ்டிக்கர்: கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடையில் இருக்கும் சரக்குப் பட்டியல் ஏற்கெனவே ஒரு எக்செல் ஷீட்டில் இருக்கிறது, அதை வைத்து ஸ்டிக்கர் அடிக்க வேண்டும் என்பவர்களுக்காக இந்தப் பக்கம். உதாரணங்கள் பெரும்பாலும் மளிகைக் கடையிலிருந்து வரும். மூட்டையாக வாங்கி அரைக் கிலோ, ஒரு கிலோ என்று பாக்கெட் போடும் கடைக்குத்தான் சொந்த ஸ்டிக்கர் அதிகம் தேவைப்படுகிறது. ரெடிமேட், பாத்திரம், ஃபேன்சி கடைகளுக்கும் வேலை இதேதான்.

பார்கோடுக்குள் என்ன இருக்கிறது? விலை அதில் இருக்குமா?

இருக்காது. அதில் இருப்பது ஓர் எண். கோடுகள் அந்த எண்ணை மெஷின் படிக்கிற மாதிரி எழுதிய விதம், அவ்வளவுதான். பொருளின் பெயர், விலை, ஜிஎஸ்டி எல்லாம் பில்லிங் சாப்ட்வேரில் அந்த எண்ணுக்கு எதிரே இருக்கும். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் ட்ராய் என்ற ஊரில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டை முதன்முதலாகக் கடை கவுன்டரில் ஸ்கேன் செய்தார்கள்; அன்றைக்கும் ஏற்பாடு இதுதான்.

ஆகவே விலை மாறினால் பார்கோடை மாற்ற வேண்டியதில்லை. ஸ்டிக்கரில் விலையை எழுத்தில் அச்சடித்திருந்தால் அந்த ஸ்டிக்கர்தான் பழசாகும், எண் பழசாகாது. எண்ணும் ஷீட்டும் சரியாக இருந்தால் மீதி எல்லாம் பிரிண்டர் செட்டிங் சமாச்சாரம். எண்ணில் கோட்டை விட்டால் எவ்வளவு விலையுயர்ந்த பிரிண்டர் வாங்கினாலும் அந்தத் தப்பைத்தான் அழகாக அடித்துத் தரும்.

கம்பெனி பாக்கெட்டில் ஏற்கெனவே பார்கோடு இருக்கிறதே, அதற்கும் நான் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டுமா?

வேண்டாம். இருக்கிற எண்ணையே ஷீட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். கையால் அடிக்காதீர்கள். யுஎஸ்பி ஸ்கேனரைச் செருகினால் கம்ப்யூட்டர் அதை இன்னொரு கீபோர்டாகத்தான் பார்க்கும். கட்டத்தில் கர்சரை வைத்து ஸ்கேன் செய்தால் எண் விழும், கூடவே என்டரும் தட்டி அடுத்த வரிக்குப் போய்விடும். ஒருவர் பாக்கெட்டை எடுத்துக் கொடுக்க, இன்னொருவர் ஸ்கேன் செய்ய, ஓர் அலமாரி சீக்கிரமே முடிந்துவிடும். ஆரம்பிப்பதற்கு முன்னால் அந்தக் காலத்தை (ஷீட்டில் மேலிருந்து கீழே போகும் வரிசை) ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிடுங்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

ஒன்று கவனிக்க வேண்டும். கம்பெனி எம்ஆர்பியை ஏற்றினாலும் பார்கோடு அப்படியே இருக்கலாம். பழைய சரக்கும் புதுச் சரக்கும் அலமாரியில் கலந்திருக்கும்போது ஒரே எண்ணுக்கு இரண்டு விலை வரும். இதைப் பில்லிங் சாப்ட்வேர்தான் ‘எந்த விலை?’ என்று கேட்டுச் சமாளிக்க வேண்டும். எக்செலில் அதே எண்ணை இரண்டு வரியில் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

890 என்று ஆரம்பிக்கும் எண்ணைப் பணம் கட்டி வாங்க வேண்டுமா?

உங்கள் கடைக்குள் மட்டும் ஓடப்போகிற ஸ்டிக்கர் என்றால் தேவையில்லை. உங்களுக்குப் பிடித்த எண்ணை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் அரைக்கும் சாம்பார் பொடி வேறு சூப்பர்மார்க்கெட்டுகளுக்குப் போகிறது, ஆன்லைனில் விற்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. அந்த எண் உலகத்தில் வேறு எவரிடமும் இருக்கக் கூடாது. அதற்குத்தான் ஜிஎஸ்1 இந்தியா அமைப்பில் பதிவு செய்து எண் வாங்குகிறார்கள். 890 என்பது அவர்கள் வழியாகப் பதிவான கம்பெனி என்பதைக் காட்டுமே தவிர, பொருள் இந்தியாவில்தான் தயாரானது என்பதற்குச் சான்று அல்ல. இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு எண் விற்பவர்களிடம் வாங்கினால், அது வேறு கம்பெனியின் பெயரில் பதிவாகியிருக்க வாய்ப்பு உண்டு. பெரிய கடைக்காரர் சரிபார்த்தால் உங்கள் சரக்கு வாசலிலேயே நிற்கும்.

கடைக்குள் மட்டும் பயன்படுத்தினாலும் 13 இலக்கத்தில்தான் வேண்டும் என்று உங்கள் சாப்ட்வேர் அடம்பிடித்தால், 20 முதல் 29 வரையிலான எண்ணில் தொடங்குங்கள். அந்த வரிசையை உள் உபயோகத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். எந்தக் கம்பெனி எண்ணோடும் மோதாது.

கோடு 39, கோடு 128, ஈஏஎன்-13, க்யூஆர்... எதை எடுப்பது?

இவை எல்லாம் எண்ணைக் கோடாக எழுதும் வகைகள். சொந்த ஸ்டிக்கருக்குக் கோடு 128. யோசிக்கவே வேண்டாம்.

காரணம் இடம். 6 இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மிக மெல்லிய கோடு கால் மில்லிமீட்டர் என்று வைத்தால், கோடு 128 அதை 17 மில்லிமீட்டரில் முடித்துவிடும். இரண்டு பக்கமும் விட வேண்டிய வெற்றிடத்தைச் சேர்த்தாலும் 22தான். கோடு 39-இல் அதே எண்ணுக்கு வெற்றிடம் சேர்த்து 31 முதல் 37 மில்லிமீட்டர் வரை தேவை. கடைகளில் ஓடும் 38 மில்லிமீட்டர் ஸ்டிக்கரில் அது விளிம்பைத் தொட்டுவிடும். கோடு 128 இரண்டிரண்டு இலக்கமாக ஜோடி சேர்த்து எழுதுவதால்தான் இந்தச் சிக்கனம். அதனால் எண்ணின் இலக்கங்கள் இரட்டைப்படையில் இருப்பது நல்லது. 7 இலக்கத்தைவிட 8 இலக்கம் குறைந்த இடத்தில் அடங்குவதும் உண்டு.

ஈஏஎன்-13, அதாவது கம்பெனி பாக்கெட்டில் பார்க்கும் 13 இலக்க வகை, வெளியே போகும் சரக்குக்கு. க்யூஆர் கோடைப் படிக்கக் கேமரா வகை ஸ்கேனர் வேண்டும். கவுன்டரில் சிவப்பு லேசர் ஸ்கேனர் வைத்திருந்தால் அது க்யூஆரைக் கண்டுகொள்ளாது. கோடு 39 எழுத்துரு போட்டு எளிதாகச் செய்யலாம் என்பதைத் தவிர இன்று அதற்கு இந்த வேலையில் பெரிய பெருமை இல்லை.

ஷீட்டில் என்னென்ன காலம் வைக்க வேண்டும்? எண்ணை எப்படி அமைப்பது?

பார்கோடு எண், பொருளின் பெயர், அளவு, எம்ஆர்பி, விற்பனை விலை, பாக்கெட் போட்ட தேதி, எத்தனை ஸ்டிக்கர். முதல் வரியில் தலைப்பு, இரண்டாவது வரியிலிருந்து சரக்கு. மேலே கடைப் பெயரைப் பெரிதாகப் போட்டுக் கட்டங்களை இணைத்து அலங்காரம் செய்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஸ்டிக்கர் சாப்ட்வேர் முதல் வரியைத்தான் தலைப்பாக எடுத்துக்கொள்ளும்.

எண்ணைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. 100001-இல் ஆரம்பித்து, 100002, 100003 என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருங்கள். முதல் இரண்டு இலக்கம் பிரிவு, அடுத்த இரண்டு சப்ளையர், அடுத்தது அளவு என்று எண்ணுக்குள் அர்த்தம் திணிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். துவரம்பருப்பு சப்ளையர் மாறும்போதோ, பருப்பு வகை நூறைத் தாண்டும்போதோ அந்த அமைப்பு உடையும். அர்த்தம் எல்லாம் ஷீட்டின் மற்ற காலங்களில் இருக்கட்டும். எண் மொட்டையாக இருக்கட்டும்.

100001 என்று தொடங்குவதில் இன்னும் இரண்டு லாபம். முன்னால் பூஜ்யம் இல்லாததால் எக்செல் எதையும் விழுங்க முடியாது. 6 இலக்கம் என்பதால் கம்பெனிகளின் 8, 13 இலக்க எண்களோடு குழம்பாது.

ஒரு பொருள் நின்றுபோனால் அதன் எண்ணை வேறு பொருளுக்குக் கொடுக்காதீர்கள். ஏதோ ஒரு மூலையில் பழைய ஸ்டிக்கரோடு ஒரு பாக்கெட் உட்கார்ந்திருக்கும், கவுன்டருக்கும் வரும்.

13 இலக்க எண்ணை ஷீட்டில் போட்டால் 8.90123ஈ+12 என்று மாறிவிடுகிறது. ஏன்?

இந்தப் பக்கத்திலேயே அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். எக்செலுக்குப் பார்கோடு தெரியாது. இலக்கங்களைக் கண்டால் கூட்டிக் கழிக்கிற எண் என்றே நினைக்கும். சாதாரண ‘ஜெனரல்’ கட்டத்தில் 12 இலக்கமோ அதற்கு மேலோ வந்தால் சுருக்கி, கணக்கு வாத்தியார் எழுதுவது போலக் காட்டும்.

காட்டுவதோடு நின்றால் பரவாயில்லை. அந்த நிலையில் ஷீட்டை சிஎஸ்வியாக (காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) சேமித்தால் கண்ணுக்குத் தெரிவதுதான் கோப்பில் எழுதப்படும். 8901234567890 என்பது 8.90123ஈ+12 ஆகவே உள்ளே போய்விடும். பின் இலக்கங்கள் போயே போச்சு, திரும்ப வராது. அந்த சிஎஸ்வியை ஸ்டிக்கர் சாப்ட்வேருக்குக் கொடுத்தால் 890123-இல் ஆரம்பிக்கும் சரக்கில் பலவற்றுக்கும் ஒரே பார்கோடு வரும்.

இன்னும் இரண்டு வகையில் எக்செல் கை வைக்கும். 004512 என்று அடித்தால் முன் பூஜ்யங்களைத் தள்ளிவிட்டு 4512 ஆக்கும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மீதியைப் பூஜ்யமாக்கும். பெட்டிகளுக்குப் போடும் 18 இலக்க எண்ணில் கடைசி 3 இலக்கமும் 000 ஆகிவிடும்.

தீர்வு: எண்ணை ஏற்றும் முன்பே முழுக் காலத்தையும் தேர்ந்தெடுத்து அதன் வகையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றுங்கள். அப்புறம் அடியுங்கள். ஏற்கெனவே அடித்துவிட்டுப் பிறகு வகையை மாற்றினால் பழைய கட்டங்கள் மாறாது. அப்போது ‘டேட்டா’ மெனுவில் ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ எடுத்து, கடைசிப் படியில் ‘டெக்ஸ்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து முடித்தால் மொத்தமும் ஒரே அடியில் மாறும்.

மாறிய பிறகு கட்டத்தின் மூலையில் பச்சை முக்கோணம் தெரியும். ‘எண்ணை எழுத்தாக வைத்திருக்கிறாய், மாற்றட்டுமா?’ என்று கேட்கும். மாற்றச் சொல்லிவிடாதீர்கள். கடைப்பையன்கள் நல்ல எண்ணத்தில் அதை அழுத்திவிடுவார்கள். அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

மற்றவர் அனுப்பிய சிஎஸ்வியை இரட்டைக் கிளிக் செய்து திறப்பதும் இதே ஆபத்துதான். வெற்று ஷீட்டைத் திறந்து, ‘டேட்டா’ மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து, பார்கோடு காலத்தை ‘டெக்ஸ்ட்’ என்று குறித்து ஏற்றுங்கள்.

சில வரிகளுக்கு மட்டும் பார்கோடு காலியாக வருகிறது. ஷீட்டில் எண் இருக்கிறதே?

ஒரே காலத்தில் பாதி எண்ணாகவும் பாதி எழுத்தாகவும் இருக்கிறது என்று அர்த்தம். வேர்டும் பல ஸ்டிக்கர் சாப்ட்வேர்களும் எக்செல் கோப்பைப் படிக்கும்போது, வழக்கமாக முதல் 8 வரிகளைப் பார்த்து ‘இது எண் காலம்’ அல்லது ‘எழுத்துக் காலம்’ என்று முடிவு கட்டிக்கொள்ளும். அதற்குப் பொருந்தாத வரி காலியாகவோ 0 ஆகவோ வரும். முழுக் காலத்தையும் மேலே சொன்ன வழியில் ‘டெக்ஸ்ட்’ ஆக்கினால் சரியாகிவிடும்.

13-வது இலக்கத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஈஏஎன்-13 எடுத்தவர்களுக்கு மட்டும் இது. கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். முதல் 12 இலக்கங்களில் ஒற்றைப்படை இடங்களில் இருப்பவற்றைக் கூட்டுங்கள். இரட்டைப்படை இடங்களில் இருப்பவற்றைக் கூட்டி 3-ஆல் பெருக்குங்கள். இரண்டையும் சேர்த்து, அதற்கு அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் 13-வது இலக்கம்.

200000000145 என்ற எண்ணைப் பார்ப்போம். ஒற்றைப்படை இடங்களில் 2, 0, 0, 0, 0, 4: கூட்டினால் 6. இரட்டைப்படை இடங்களில் 0, 0, 0, 0, 1, 5: கூட்டினால் 6, மூன்று மடங்கு 18. மொத்தம் 24. 30-க்கு 6 குறைகிறது. எண் 2000000001456. கூட்டுத்தொகையே 30 என்று வந்திருந்தால் இலக்கம் 0.

எக்செலில் ஒரே நீள ஃபார்முலாவாக எழுதலாம், ஆனால் நான் பக்கத்தில் 12 உதவிக் காலம் போட்டு ‘மிட்’ ஃபார்முலாவால் ஒவ்வோர் இலக்கமாகப் பிரித்துவிடுவேன். தப்பு எங்கே என்று கண்ணால் பார்க்க முடியும். வேலை முடிந்ததும் அந்தக் காலங்களை மறைத்துவிடலாம். கோடு 128-க்கு இந்தத் தலைவலி கிடையாது. அதற்கும் சரிபார்ப்பு உண்டு, ஆனால் ஸ்டிக்கர் சாப்ட்வேர் அதைத் தானே போட்டுக்கொள்ளும், எழுத்தில் தெரியாது.

பார்கோடு எழுத்துரு இறக்கி, கட்டத்துக்குப் போட்டால் போதுமா?

கோடு 39 என்றால் போதும். ‘லிப்ரே பார்கோடு 39’ என்ற எழுத்துரு கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். கூகுள் ஷீட்ஸிலும் கிடைக்கும். எண்ணுக்கு முன்னும் பின்னும் ஒரு நட்சத்திரக் குறி சேர்க்க வேண்டும், *100001* என்பது போல. அது ஆரம்பமும் முடிவும். விட்டுவிட்டால் கோடுகள் அழகாகத் தெரியும், ஸ்கேனர் வாயே திறக்காது.

கோடு 128 எழுத்துருவில்தான் பலரும் மாட்டுகிறார்கள். எண்ணை அடித்து எழுத்துருவை மாற்றினால் அசல் பார்கோடு போலவே தெரியும். ஆனால் அதற்கு ஆரம்பக் குறி, சரிபார்ப்புக் குறி, முடிவுக் குறி மூன்றும் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். சும்மா எழுத்துரு போட்டால் படிக்காது. ஸ்டிக்கர் சாப்ட்வேரோ வேர்டோ அதைச் செய்யட்டும், நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

பார்கோடு பிரிண்டர் இல்லை. ஏ4 ஸ்டிக்கர் தாளில் அடிக்க முடியுமா?

முடியும், வேர்டு 2013 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் போதும். ‘மெயிலிங்ஸ்’ மெனுவில் லேபிள் மெயில் மெர்ஜ் (ஷீட்டின் ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு ஸ்டிக்கரில் நிரப்பும் வசதி) ஆரம்பித்து, தாளின் அளவைக் கொடுத்து, எக்செல் ஷீட்டை இணையுங்கள். தாளுக்கு 65 ஸ்டிக்கர் வருவது 38.1 மில்லிமீட்டர் அகலம், 21.2 உயரம். முதல் கட்டத்தில் கன்ட்ரோல் எஃப்9 தட்டினால் ஒரு ஜோடி சுருள் அடைப்புக்குறி வரும். அதற்குள் மெர்ஜ், பார்கோடு இரண்டையும் ஆங்கிலத்தில் ஒட்டி ஒரே சொல்லாக (MERGEBARCODE) அடித்து, ஓர் இடைவெளி விட்டுக் காலத்தின் தலைப்பு, இன்னோர் இடைவெளி விட்டுக் கோடு 128 என்ற வகைப் பெயரை ஒரே சொல்லாக (CODE128) அடியுங்கள். காலத்தின் தலைப்பு ஆங்கிலத்தில், ஒரே சொல்லாக இருந்தால் தொல்லை குறையும். பெயர், விலையை வழக்கமான மெர்ஜ் ஃபீல்டாகச் சேர்த்து, ‘அப்டேட் லேபிள்ஸ்’ அழுத்தினால் மற்ற 64 கட்டத்துக்கும் பரவும்.

அச்சடிக்கும்போது ‘ஃபிட் டு பேஜ்’ அணைந்திருக்க வேண்டும். அது தாளைக் கொஞ்சம் சுருக்கும். முதல் வரிசை சரியாக விழும், கீழே போகப்போக எழுத்து அடுத்த ஸ்டிக்கரில் ஏறிவிடும். முதலில் சாதாரண வெள்ளைத் தாளில் அடித்து, ஸ்டிக்கர் தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

லேசர் பிரிண்டர் நல்லது. இங்க்ஜெட் மை ஈரம் பட்டால் கரையும். பாதி உரித்த தாளை லேசரில் மறுபடி விடாதீர்கள். உள்ளே இருக்கும் சூட்டில் ஒரு ஸ்டிக்கர் உருளையில் ஒட்டிக்கொண்டால் மெக்கானிக் செலவு ஸ்டிக்கர் செலவைத் தாண்டிவிடும்.

ஒரு பொருளுக்கு 40 ஸ்டிக்கர், இன்னொன்றுக்கு 12. எப்படி?

பல ஸ்டிக்கர் சாப்ட்வேர்களில் ‘எத்தனை பிரதி என்பதை இந்தக் காலத்திலிருந்து எடு’ என்று சொல்ல இடம் இருக்கும். உங்கள் ‘எத்தனை ஸ்டிக்கர்’ காலத்தைக் காட்டிவிடுங்கள். பிரிண்டரோடு சேர்த்துக் கொடுக்கும் இலவசப் பதிப்புகள் எக்செலை இணைக்க விடுமா என்று வாங்குவதற்கு முன்பே கடைக்காரரிடம் செய்து காட்டச் சொல்லுங்கள். எண்ணை ஒவ்வொன்றாகக் கையால் அடிக்க வேண்டியிருந்தால் ஷீட் வைத்திருந்து என்ன பயன்?

வேர்டில் அந்த வசதி இல்லை. 40 வேண்டுமென்றால் 40 வரி இருக்க வேண்டும். காப்பி பேஸ்ட் செய்யாமல் ஒரு வழி உண்டு. முதல் ஷீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ‘இதற்கு முன் வரை மொத்தம் எத்தனை’ என்று ஒரு காலம் போடுங்கள்: முதல் பொருளுக்கு 0, இரண்டாவதற்கு 40, மூன்றாவதற்கு 52. இரண்டாவது ஷீட்டில் 0, 1, 2 என்று மொத்த எண்ணிக்கைக்கு ஒன்று குறைவாக வரிசை எண் இழுத்து, ‘மேட்ச்’ ஃபார்முலாவின் கடைசி இடத்தில் 1 கொடுத்து அந்தக் காலத்தில் தேடச் சொன்னால், எந்தப் பொருளின் வரி என்று அதுவே கண்டுபிடிக்கும். ‘இன்டெக்ஸ்’ கொண்டு பெயரையும் எண்ணையும் எடுத்துக்கொள்ளலாம். எண்ணிக்கை 0 போட்ட பொருளைத் தானாகத் தாண்டிவிடும்.

ரிப்பன் உள்ள பிரிண்டரா, இல்லாததா?

ரிப்பன் இல்லாதது டைரக்ட் தெர்மல். பேப்பரே சூட்டில் கறுக்கும். நகத்தால் ஸ்டிக்கரை வேகமாகக் கீறினால் கருப்புக் கோடு விழுந்தால் அது தெர்மல் பேப்பர். பால், காய்கறி, ஒரு வாரத்தில் விற்றுத் தீரும் சரக்கு என்றால் இது போதும். வெயில் படும் அலமாரி, எண்ணெய் கசியும் முறுக்கு, சிப்ஸ் பாக்கெட் என்றால் மங்கிப்போகும்.

மாதக்கணக்கில் இருக்கும் பாத்திரம், துணிக்கு ரிப்பன் வேண்டும். சாதாரண குரோமோ (வழுவழுப்பான காகித) ஸ்டிக்கருக்கு வேக்ஸ் ரிப்பன். துவைக்கும் துணியில் தைக்கிற சாட்டின் லேபிளுக்கு ரெசின். ரிப்பனை மாட்டும்போது மைப் பக்கம் எது என்று சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டிக்கரை அதில் ஒட்டி எடுங்கள். கருப்பாக வரும் பக்கம் ஸ்டிக்கரைப் பார்த்து இருக்க வேண்டும்.

பார்கோடை மவுஸால் இழுத்து ஸ்டிக்கருக்குள் அடக்கினேன். ஸ்கேன் ஆகவில்லை.

203 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளி) பிரிண்டரில் ஒரு புள்ளி சுமார் 0.125 மில்லிமீட்டர். கோட்டின் அகலம் 2 புள்ளி, 3 புள்ளி என்று முழுதாகத்தான் இருக்க முடியும், இரண்டரை புள்ளி கிடையாது. மவுஸால் இழுத்து நடுவில் நிறுத்தினால் பிரிண்டர் சில கோடுகளை 2 புள்ளியாகவும் சிலவற்றை 3 புள்ளியாகவும் அடிக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, ஸ்கேனர் திணறும். சாப்ட்வேரில் மெல்லிய கோட்டின் அகலத்தை எண்ணாகக் கொடுக்க ஓர் இடம் இருக்கும். 0.25 அல்லது 0.375 கொடுங்கள்.

ஈஏஎன்-13-இன் முழு அகலம் வெற்றிடத்தோடு மெல்லிய கோட்டைப் போல 113 மடங்கு. 0.25-இல் அது 28 மில்லிமீட்டர் சொச்சம், 0.375-இல் 42 சொச்சம். இதற்கு நிர்ணயித்த குறைந்த அளவு 0.264, அதாவது 0.25 ஒரு மயிரிழை குறைவு. உங்கள் கவுன்டரில் படித்துவிடும். வெளிக்கடைகளுக்குப் போகும் சரக்கென்றால் 50 மில்லிமீட்டர் ஸ்டிக்கர் எடுத்து 0.375-இல் அடிப்பதுதான் முறை. 300 டிபிஐ பிரிண்டரில் 4 புள்ளி கிட்டத்தட்ட 0.34 வரும்; 0.33 என்ற இயல்பான அளவுக்கு அது பக்கம்.

கோடுகளின் இரண்டு பக்கமும் வெற்றிடம் விடாமல் பெட்டி போடுவது, விலையை ஒட்டி எழுதுவது இவையும் படிக்காமல் செய்யும். உயரம் குறைந்தால் பரவாயில்லை, பக்கவாட்டு வெற்றிடத்தில் கஞ்சத்தனம் கூடாது.

பொருளின் பெயர் தமிழில் வருமா?

வரும். விண்டோஸ் வழியாக அடிக்கும் ஸ்டிக்கர் சாப்ட்வேரில் நிர்மலா அல்லது லதா எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் போதும். பிரிண்டரின் சொந்த எழுத்துருவை எடுத்தால் கேள்விக்குறிகளாக வரும். ஷீட்டில் பெயர்களைப் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் ஸ்டிக்கரிலும் அதே எழுத்துருவைப் போட வேண்டும். யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது, ஒரு தடவை வேலை. சின்ன ஸ்டிக்கரில் 6 பாயின்ட் தமிழ் எழுத்தின் புள்ளியும் கொம்பும் கரைந்துபோகும். 8-க்குக் கீழே இறங்காதீர்கள்.

பார்கோடுக்குள்ளேயே தமிழைப் போட முடியாது. க்யூஆரில் முடியும், ஆனால் ‘பருப்பு’ என்ற சொல்லே 21 பைட் எடுக்கும்.

தேதி 45658 என்று அச்சாகிறது. விலை 49.5 என்று வருகிறது.

எக்செல் தேதியை நாள்கணக்காக வைத்திருக்கிறது. 45658 என்றால் 2025 ஜனவரி 1. ஷீட்டில் நாம் பார்ப்பது அதன் மேல் போட்ட வேஷம். வேறு சாப்ட்வேருக்குப் போகும்போது வேஷம் கலைந்துவிடும், அல்லது அமெரிக்க வழக்கப்படி மாதம் முன்னால் வந்துவிடும். பக்கத்தில் ஒரு காலம் போட்டு ‘டெக்ஸ்ட்’ ஃபார்முலாவால் தேதியை எழுத்தாகவும், விலையை இரண்டு தசமத்தோடு எழுத்தாகவும் மாற்றி, ஸ்டிக்கருக்கு அந்தக் காலத்தைக் காட்டுங்கள்.

ஸ்கேன் செய்தால் தமிழ் எழுத்து விழுகிறது!

சிரிக்காதீர்கள், நிஜமாக நடக்கும். ஸ்கேனர் ஒரு கீபோர்டு என்று சொன்னோமே. கம்ப்யூட்டரில் தமிழ்99 கீபோர்டு முறை இயங்கிக்கொண்டிருந்தால் பார்கோடில் உள்ள ஆங்கில எழுத்துகள் தமிழாக விழும். கேப்ஸ் லாக் எரிந்துகொண்டிருந்தால் பெரிய எழுத்து சின்ன எழுத்தாகும். மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். எண்ணில் எழுத்தே கலக்காமல் வெறும் இலக்கமாக வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லா ஸ்டிக்கரிலும் ஒரே இடத்தில் வெள்ளைக் கோடு விழுகிறது.

பிரிண்டர் ஹெட்டில் அழுக்கு, அல்லது ஒரு புள்ளி செத்துவிட்டது. அணைத்து, ஆறவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடையுங்கள். பிளேடு, நகம் கூடாது. அப்படியும் போகவில்லை என்றால் ஹெட் மாற்ற வேண்டும். அதுவரை ஓட்ட ஒரு தந்திரம்: ஸ்டிக்கர் வடிவத்தில் பார்கோடை 90 டிகிரி திருப்பி வையுங்கள். வெள்ளைக் கோடு ஒரு கறுப்புக் கோட்டை முழுதாகத் தின்னாமல் எல்லாக் கோடுகளையும் குறுக்கே லேசாக வெட்டிக்கொண்டு போகும். ஸ்கேனர் அதற்கு மேலேயோ கீழேயோ படித்துக்கொள்ளும்.

கலர் ஸ்டிக்கர் போடலாமா?

மஞ்சள், ஆரஞ்சு, ஏன் சிவப்புத் தாளில்கூடக் கறுப்புக் கோடு படிக்கும். வெள்ளைத் தாளில் சிவப்புக் கோடு போட்டால் படிக்காது. ஸ்கேனரின் வெளிச்சம் சிவப்பு, அதற்குச் சிவப்பும் வெள்ளையும் ஒன்றுதான்.

தராசிலிருந்து வரும் ஸ்டிக்கரும் இதுவும் ஒன்றா?

தராசு ஸ்டிக்கரில் எடையும் எண்ணுக்குள்ளேயே இருக்கும். வழக்கமான ஓர் அமைப்பு இது: 21, பிறகு 5 இலக்கப் பொருள் எண், பிறகு 5 இலக்கத்தில் கிராம், கடைசியில் சரிபார்ப்பு இலக்கம். 2100045007502 என்றால் 45-வது பொருள், 750 கிராம். இதை எக்செலிலிருந்து அடிக்க வேண்டாம். ஷீட்டிலிருந்து பொருள் எண், பெயர், கிலோ விலை மட்டும் தராசுக்குப் போனால் போதும். தராசும் பில்லிங் சாப்ட்வேரும் ஒரே அமைப்பை எதிர்பார்க்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று கிராம் என்றும் மற்றது ரூபாய் என்றும் நினைத்தால் 750 கிராம் முந்திரி 750 ரூபாயோ, 7.50 ரூபாயோ ஆகிவிடும்.

பார்கோடு ஒட்டினால் சட்டப்படி எல்லாம் முடிந்ததா?

இல்லை. நீங்களே பாக்கெட் போட்டு விற்றால், 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளின்படி பாக்கெட் போட்டவரின் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, மாதம், ஆண்டு, எல்லா வரியும் உட்பட எம்ஆர்பி, புகாருக்கான தொடர்பு எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். உணவுப் பொருள் என்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும் சேரும். மளிகைக்குப் பார்கோடு கட்டாயம் இல்லை, அது உங்கள் வசதிக்கு. மருந்துக் கடைக்காரர்கள் பார்க்கும் கோடு வேறு: 300 மருந்து பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் கம்பெனியே அச்சடிக்க வேண்டியது அது.

கம்பெனி பாக்கெட்டில் உங்கள் ஸ்டிக்கரை ஒட்ட நேர்ந்தால் அச்சிட்ட எம்ஆர்பியை மறைக்காதீர்கள். விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்ட விதி இடம் தருகிறது, அப்போதும் பழைய எம்ஆர்பி கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஏற்றி ஒட்டினால் அபராதம்.

ரோல் முழுவதும் அடிப்பதற்கு முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

ஷீட்டில் பார்கோடு காலத்தைத் தேர்ந்தெடுத்து, கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் ஒரே எண் இரண்டு முறை வந்தால் நிறம் காட்டச் சொல்லுங்கள். பிறகு முதல் வரி, நடுவில் ஒன்று, கடைசி வரி என்று சில ஸ்டிக்கர் மட்டும் அடியுங்கள். நோட்பேடைத் திறந்து ஸ்கேன் செய்து, விழும் எண்ணை ஷீட்டோடு ஒப்பிடுங்கள். செல்போன் கேமரா எதையும் படித்துவிடும், அதை நம்பி ரோலை ஓட்டாதீர்கள். கவுன்டரில் இருக்கும் ஸ்கேனரில், பாக்கெட்டில் ஒட்டிய நிலையில், பில் போடுகிறவர் கையால் படிக்க வேண்டும். சின்ன பாட்டில் என்றால் கோடுகள் ஏணிப்படி மாதிரி படுத்திருக்கும்படி ஒட்டிப் பாருங்கள்; நின்றவாக்கில் ஒட்டினால் பாட்டிலின் வளைவில் பாதிக் கோடுகள் பின்பக்கம் போய்விடும்.